நூறு வோல்ட் தையல் மிஷின்

1989 ஜூன் 12, திங்கள்

அவர் கப்பலேறிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கு அவரிடமிருந்து ஒரு தையல் மிஷின் வந்தது.

கொண்டுவந்தது டெல்லஸ். அவர் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிற ஆயிலர், டெல்லஸ் அதே கப்பலில் சமையல்காரன். லீவில் வந்த இரண்டாம் நாளே அட்டைப்பெட்டியும் ரிக்‌ஷாவுமாக வாசலில் நின்றான். கஸ்பார் அண்ணன் ஜப்பானில் கோபே என்ற ஊரிலிருந்து கொடுத்துவிட்டார் என்றான். கடிதம் எங்கே என்றேன். எழுத நேரமில்லை, பின்னாலேயே தபாலில் வரும் என்றான். வழக்கமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து கப்பல் கதை பேசுகிறவன், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அங்கே கரண்டு கம்மி, நேராக நம் வீட்டு பிளக்கில் சொருகிவிடாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிஷின் பாலாடை நிறம். கைப்பெட்டி அளவுதான். காலால் அழுத்த ஒரு சின்ன மிதி, பிளக்கில் இரண்டு தட்டையான தகடுகள். அடியில் ஜப்பான் எழுத்துகள். மகள் ஜெனோவா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பாபினில் கொஞ்சம் நீல நூல் மீதி இருந்தது. கடையில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 14, புதன்

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வெளிநாட்டுச் சாமானா என்று. ஆமாம் என்றதும் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். இருநூற்று முப்பது வோல்ட்டை நூற்றிப்பத்தாகக் குறைத்துக் கொடுக்குமாம். ஜெனோவாவின் சாப்பாட்டு டப்பாவைவிடச் சின்னது, கனமும் இல்லை.

ஜூன் 15, வியாழன்

ஓடுகிறது. பன்னிரண்டு வருஷமாகக் காலால் மிதித்துத் தைத்தவளுக்கு இது தையலே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. கோணல்மாணலாக, பூ மாதிரி, ஏணி மாதிரி என்று விதவிதமான தையல். மாதா கோவில் திருவிழாவுக்குப் பதினெட்டு ஃபிராக் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் விளிம்பில் பூத்தையல் போட்டுக் கொடுக்கலாம்.

தைத்துக்கொண்டே இருக்கையில் அவர் இதைக் கடையில் தேர்ந்தெடுத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவருக்குத் தையலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொத்தான் தைக்கக்கூட என்னிடம்தான் வருவார்.

ஜூன் 23, வெள்ளி

கடிதம் இல்லை. டப்பா சூடாகிறது. மத்தியானம் மிஷின் பேய் மாதிரி ஓடுகிறது, சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் சோர்ந்துபோகிறது. கையால் தொட்டுப் பார்த்து, சூடு அதிகமானால் நிறுத்தி, ஆறியபின் ஓட்டுகிறேன்.

ஜூலை 3, திங்கள்

மிஷினை எரித்துவிட்டேன்.

ஏழாவது ஃபிராக். கழுத்துப் பட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜெனோவா பக்கத்தில் உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மிஷினின் சின்ன விளக்கு வெள்ளையாக எரிந்து பட்டென்று போனது. மோட்டார் ஒரு கூச்சல் போட்டது. காலை எடுப்பதற்குள் புகை வந்துவிட்டது. பிள்ளையைத் தள்ளிவிட்டு சுவிட்சை அணைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை.

வீடு முழுக்க அரக்கு எரிந்த வாடை. அவர் கொடுத்துவிட்ட ஒரே பொருள். மூன்று வாரம்கூட வைத்துக்கொள்ளத் தெரியவில்லை எனக்கு.

ஜூலை 4, செவ்வாய்

போல்பேட்டையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிற எசக்கியம்மாளிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். வீட்டுக்காரர் பம்பு மோட்டார்களைக் கழற்றி மாட்டுவார், காயில் சுற்றுவது முழுக்க எசக்கிதான்.

டப்பாவைத் திறந்து காயிலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இதுல ஒரே காயில்தான்க்கா. நடுவுல ஒரு கம்பிய உருவி நூத்திப்பத்துன்னு குடுத்திருக்காங்க. அடியில ஈயம் பத்தவச்ச இடம் சூட்டுல விட்டுருச்சு. அது விட்டதும் வீட்டுக் கரண்டு முழுசும் மிஷினுக்குள்ள போயிருக்கு."

தனித்தனியாக இரண்டு காயில் உள்ளது வேண்டுமாம். நடுவில் தாள் வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சுற்ற வேண்டும். அதில் எது அறுந்தாலும் மிஷின் நிற்குமே தவிர எரியாது. அளவும் தப்பு என்றாள். மிஷின் எண்பது வாட் இழுக்கிறதென்றால் நூறு போதும் என்று வாங்கக் கூடாது, மோட்டார் கிளம்புகிற அந்த நிமிஷம் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், இருநூற்றைம்பதில் போட்டால்தான் சூடு இல்லாமல் நிற்கும். நம் ஊரில் கரண்டு ஏறி இறங்குவதால் திருப்புகிற சுவிட்ச் ஒன்றும் வைத்துத் தருகிறேன் என்றாள். மோட்டாரையும் திரும்பச் சுற்றிவிடலாமாம்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு கேள்வி கேட்டாள். நூற்றிப்பத்து என்று யார் சொன்னது? அமெரிக்கச் சாமான் வேறு, ஜப்பான் சாமான் வேறு என்று அவள் வீட்டுக்காரர் சொல்வாராம். மோட்டாரில் ஒட்டியிருந்த தாள் கருகிவிட்டது. அடியில் உள்ள எழுத்தை நம்மால் படிக்க முடியாது. கொண்டுவந்தவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அங்கே எத்தனை வோல்ட்டில் ஓடியது என்று தெரியாமல் சுற்ற மாட்டேன் என்றாள்.

ஜூலை 5, புதன்

டெல்லஸ் வீட்டுக்குப் போனேன். வலைக்கம்பெனித் தெருவில் தம்பியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான். மிஷின் எரிந்ததைச் சொன்னேன். பதறிப்போனான். எத்தனை வோல்ட் என்றேன்.

"நூறுதான் மைனி, நூத்திப்பத்து இல்ல. அண்ணன் ரூம்ல செவத்து பிளக்குல நேரா சொருகித்தான் ஓடிச்சு, நான் கண்ணால பாத்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. கேரம் காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான்.

கப்பல்காரருக்குக் கோபேயில் ஏது ரூம்? யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன். உள்ளே அம்மா கூப்பிடுகிறாள் என்று எழுந்து போனான். யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது போல்பேட்டை வழியாக வந்து, எசக்கியிடம் நூறு வோல்ட் என்று சொன்னேன்.

ஜூலை 6, வியாழன்

அரிசி புடைத்தேன். மழை வரும்போல் இருந்து, வரவில்லை.

ஜூலை 7, வெள்ளி

நீல நூல். புது மிஷினில் யாரும் பாபினை நிரப்பி வைப்பதில்லை.

ஜூலை 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஜெனோவா, அப்பா கிறிஸ்துமஸுக்கு வருவாரா என்று கேட்டாள். வருவார் என்றேன். கோவிலுக்குள் வைத்துச் சொன்னேன்.

ஜூலை 12, புதன்

காயில் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். அதற்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை.

எசக்கி சுற்றிக்கொண்டிருந்தாள். வலது கையால் கைப்பிடியைச் சுழற்றுவாள், இடது விரல்களுக்கு நடுவே செம்புக்கம்பி வழுக்கிப் போகும். ஒரு வோல்ட்டுக்கு இரண்டரைச் சுற்று. எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. ஐநூற்று எழுபத்தைந்து வரை எண்ணி முடித்து, நுனியைக் கட்டி, மஞ்சள் தாளைச் சுற்றி ஒட்டிய பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவுகள நினைச்சா அழுதீங்க?" என்றாள்.

நான் அழுததே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். ரூம், நூல், வராத கடிதம். பெண்ணொருத்தி அந்த மிஷினில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள், அவளுக்கு வேண்டாம் என்றானதும் எனக்கு அனுப்பிவிட்டார் என்று வாயைத் திறந்து முதல்முறை சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாததை வைத்து இவ்வளவு அழ வேண்டாம், தெரிந்துகொண்டு அழுங்கள் என்றாள். பிறகு, இதற்கு மேல் நூறு வோல்ட் காயிலைச் சுற்ற வேண்டும், இருநூற்றைம்பது சுற்று, உட்காருவதானால் பேசாமல் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

அவர் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். வருகிற வார்த்தைகளெல்லாம் உப்பில்லாதவை. "கதவச் சாத்து." "குடையை எடுத்தியா?" "மீன் இன்னும் ரெண்டு வையி." ஆசையாகப் பேசியதும் உண்டு, அவை எதுவும் அவர் குரலில் திரும்ப வரமாட்டேன் என்கிறது. கடைசியாக ஊரிலிருந்து புறப்பட்டபோது என்ன சொன்னார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். டாக்சிக்காரனிடம் பெட்டியை மெதுவாக வை என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 20, வியாழன்

மிஷினும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்துவிட்டன. இது செங்கல் கனம். முன்பக்கம் ஒரு முள் மீட்டர், பக்கத்தில் திருப்புகிற சுவிட்ச். வீட்டுக் கரண்டு இறங்கும்போது ஒரு படி திருப்பினால் முள் திரும்ப நூறில் வந்து நிற்கிறது. கொஞ்சமும் சூடில்லை.

காலையில் எடுத்து வைத்துவிட்டு, மத்தியானம்வரை பழைய கால்மிஷினிலேயே தைத்தேன். ஜெனோவா வந்து, ஏன் இது ஓடவில்லையா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஓட்டினேன். முன்னைவிட மெதுவாக, ஒரே சீராக ஓடுகிறது. இதுவரை நான் கேட்டதெல்லாம் அது திணறிய சத்தம்.

ஜூலை 26, புதன்

மாதா கோவிலில் கொடியேறியது. கப்பலில் இருப்பவர்கள் பாதிப்பேர் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தெருவெல்லாம் சென்ட் வாடை. பிலோமி, உன் வீட்டுக்காரர் இந்த வருஷமும் வரவில்லையா என்று ஏழு பேர் கேட்டார்கள். காண்ட்ராக்ட் நீண்டுவிட்டது என்று ஏழு பேரிடமும் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, சனி

பதினெட்டு ஃபிராக்கும் கொடுத்தாயிற்று. சப்பரம் வரும்போது முன்னால் போன பிள்ளைகளில் ஆறு பேர் என் பூத்தையலில் போனார்கள்.

கூட்டத்தில் டெல்லஸைப் பார்த்தேன். அடுத்த வாரம் திரும்பக் கப்பலேறுகிறான். நகரவிடவில்லை. மாதா முன்னால் வைத்து உண்மையைச் சொல் என்றேன். அண்ணனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேனே மைனி என்று அழுகிற மாதிரி நின்றான். அப்புறம் சொன்னான்.

போன டிசம்பரிலேயே கோபே துறைமுகத்தில் டாக்டர் சோதனையில் இனிக் கப்பலுக்கு ஆக மாட்டார் என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். ஊருக்கு விமான டிக்கெட்டும் கொடுத்தார்கள். அவர் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. அங்கேயே ஒரு பட்டறையில் ஒளிந்து வேலை பார்க்கிறார், மாடியிலேயே தங்கல். எட்டு மாதமாக. கப்பலில் இருந்து வருகிறது என்று நான் நம்பிய பணமெல்லாம் அங்கிருந்து வந்தது.

உடம்புக்கு என்ன என்று கேட்டேன். அதை அவரே சொல்லட்டும் மைனி என்று பட்டறை டெலிபோன் நம்பரை எழுதிக் கொடுத்தான். கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலை பூசை முடிந்து நேராக டெலிபோன் ஆபீஸ். ஜப்பானுக்கு என்றதும் அங்கே இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். இரண்டே கால் மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். எசக்கி கூட வந்திருந்தாள்.

லைன் கிடைத்தது. முதலில் யாரோ ஜப்பான் பாஷையில் பேசினார்கள். கஸ்பார், கஸ்பார் என்று நான் கத்தினேன். கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. படியில் யாரோ இறங்கி ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"யாரு?" என்றார்.

நான்தான் என்றேன். திரும்ப யார் என்றார். மூன்று முறை சொன்ன பிறகு, "பிலோமியா?" என்று கேட்டார். ஓடி வந்த மூச்சு கேட்டது.

எத்தனையோ கேட்க நினைத்திருந்தேன். வந்தது ஒன்றுதான். அந்த மிஷினில் தைத்தது யார் என்றேன்.

"நான்தான். வேற யாரு தைப்பா?" என்றார். "இது பை தைக்கிற பட்டறை. வேலைக்கு எடுக்குமுன்ன பழகிக்கோன்னு மொதலாளி அவுக வீட்டுப் பழைய மிஷினக் குடுத்தாரு. மூணு மாசம் ராவும் பகலும் அதுலதான் பழகினேன். நேர்கோடு வரதுக்கே ஒரு மாசம் ஆச்சு. நீ எப்படித்தான் தைச்சியோன்னு நினைச்சுக்கிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான். எஞ்சின் ரூம் எண்ணெயும் கரியும் படிந்த அந்தக் கை நீல நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இத்தனை நாளில் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

உடம்புக்கு என்ன என்றேன்.

"இடது காது சுத்தமாப் போச்சு பிலோமி. எஞ்சின் சத்தம். இந்தக் காதும் பாதிதான். என்ன எழுதன்னு தெரியாமத்தான் எழுதல. கப்பலும் இல்லாம, காதும் கேக்காம அங்க வந்து நான் என்ன செய்ய?"

ஆபீஸ் அம்மா நேரமாகிறது என்று விரலைக் காட்டினார்கள்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியும்ல" என்றேன். "வாங்க."

கேட்கவில்லை போலிருக்கிறது. என்ன, என்ன என்றார். பலத்த குரலில் திரும்பச் சொன்னேன். ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் என்ன சொல்லும் என்றார். ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஆகஸ்ட் 14, திங்கள்

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

டெல்லஸின் மனைவி ஜப்பான் கரண்டு கடிகாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மிஷின் ஓடுவதைப் பார்த்து இப்போது வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள், நான் எசக்கியிடம் கூட்டிப் போகிறேன். போன வாரம் ஒருத்தி துணி தேய்க்கிற பெட்டி கொண்டுவந்தாள். சூடுபண்ணுகிற சாமானுக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் போட வேண்டும், அந்தக் கனத்தைத் தூக்குவதற்கு இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று எசக்கி திருப்பி அனுப்பிவிட்டாள்.

கடிகாரத்துக்குச் சின்னதே போதும் என்று ஒன்று போட்டுக் கொடுத்தாள். ஓடியது. ஆனால் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியது. இது சரிசெய்ய முடியாதக்கா என்றாள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும். கோபேயில் கரண்டு நொடிக்கு அறுபது தடவை துடிக்கும், இங்கே ஐம்பது, கடிகாரம் அந்தத் துடிப்பை எண்ணித்தான் ஓடும்.

டெல்லஸின் மனைவி கடிகாரத்தை வேண்டாம் என்று விட்டுப்போனாள். வீட்டில் வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது பொழுது போவது அந்த வேகத்தில்தான்.

அக்டோபர் 8, ஞாயிறு

டெலிபோன் ஆபீஸ் போனேன். யாரோ ஜப்பான் பாஷையில் சொன்னதில், அவர் இப்போது அங்கே இல்லை என்பது மட்டும் புரிந்தது.

அக்டோபர் 9, திங்கள்

அவருக்கு ஒரு சட்டை வெட்டினேன். கழுத்துப் பதினைந்து, பழைய அளவு. அங்கே சாப்பாடு எப்படியோ.

அக்டோபர் 30, திங்கள்

ஒன்றுமில்லை.

நவம்பர் 16, வியாழன்

கடிதம். உறையைக் கிழிக்க மனமில்லாமல் கத்தரியால் ஓரமாக வெட்டினேன்.

நான் டெலிபோனில் பேசிய பிறகு ஆறு வாரம் யோசித்தாராம். பிறகு பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டு, தானாகவே அதிகாரிகளிடம் போய் அனுமதியில்லாமல் தங்கியிருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை முடியும்வரை அவர்கள் காவலில் வைத்திருக்கிறார்கள். அடிப்பதில்லை, சோறு போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். முடிந்ததும் திருப்பி அனுப்புவார்கள், இனி அந்த நாட்டுக்குள் போக முடியாது. முதலாளி வந்து பார்த்தாராம், டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுக்கிறாராம்.

கடைசி வரி: "நீ கத்தினது முழுசும் கேட்டுச்சு. திரும்ப ஒருதரம் கேக்கணும்னுதான் என்னன்னு கேட்டேன்."

டிசம்பர் 25, திங்கள்

ஜெனோவா புது ஃபிராக் போட்டுக்கொண்டாள். நட்சத்திரம் கட்டினோம். எசக்கி வீட்டுக்கு ரோஸ் கேக் கொடுத்தனுப்பினேன். இந்த வருஷமும் இரண்டு பேர்தான்.

1990 ஜனவரி 21, ஞாயிறு

மெட்ராஸ் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. அவர் அடித்த தந்தியில் ரயில் பெட்டி நம்பர் இல்லை. ஜெனோவாவும் நானும் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தியாக நின்றோம்.

கூட்டம் கலைந்த பிறகு கடைசியில் இறங்கினார். கையில் ஒரே ஒரு துணிப்பை. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. பிள்ளைதான் முதலில் பார்த்து ஓடினாள். அவர் குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஸ்டேஷனில் வேறு என்ன செய்ய முடியும்?

மூன்று பேருமாக நடந்தோம். பிள்ளை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு நடந்தார். திரும்பக் கேட்டேன். முகம் நேராகவே இருந்தது. இத்தனை நாள் கழித்து வந்து ஒரு வார்த்தைக்குப் பதில் இல்லையே என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் அவருடைய இடது பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

நின்றேன். பிள்ளையை இந்தப் பக்கம் வரச் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் சுற்றிப் போய் வலது பக்கம் வந்து, காதருகில் மெதுவாகக் கேட்டேன்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றார்.